தூக்க மாத்திரைப் பழக்கத்தை விடுவிக்க அட்மிட் செய்யப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

என் அக்காவை இரண்டு இடங்களில் சேர்த்தோம். முதல் இடத்தில் மூன்றாம் நாள் இரவு வலிப்பு வந்தது. இரண்டாவது இடத்தில் தேறினாள். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் தெரிந்துகொண்டதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் முதல் இடத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 46 வயது, ஆசிரியை. அத்தான் இறந்த வருஷம் தூக்கம் வரவில்லை என்று போனவளுக்குப் பத்து நாளைக்கு அல்ப்ராசோலம் என்ற, பதற்றம் தணித்துத் தூங்க வைக்கும் மாத்திரை, 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பத்து நாள் ஏழு வருஷமாகி, 0.25 என்பது நாளொன்றுக்கு 2 மில்லிகிராமாகி நின்றது. குடிக்கிறவர்களைத்தான் நாம் 'அடிமை' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். குளித்துப் பூ வைத்து எட்டரைக்கு ஸ்கூல் பஸ் ஏறுகிற ஒருத்தியை அப்படி யாரும் யோசிப்பதில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, என்ன கேட்பது, எவ்வளவு ஆகும், எங்கே ஏமாறுவோம், இவ்வளவுதான் என் பங்கு. எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

1. சேர்க்கிற நாள்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வீட்டில் விஷயம் தெரிந்ததும் முதல் வேலையாக அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போடத் தோன்றும். போடாதீர்கள். அல்ப்ராசோலம், குளோனசெபாம், லோராசெபாம், டயஸிபாம், நைட்ராசெபாம், எட்டிசோலம் என்று இந்தக் குடும்பத்து மாத்திரை எதுவாக இருந்தாலும், மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறிப் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். 'வைராக்கியம் இருந்தால் விட்டுவிடலாம்' என்று சொல்லும் சித்தப்பா எல்லா வீட்டிலும் உண்டு. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இடம் தேட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை மாத்திரை தீர்ந்துவிடாமல் இருக்க ஒரு மனநல மருத்துவரிடம் போய் முறையான சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அல்ப்ராசோலம், டயஸிபாம், நைட்ராசெபாம் எல்லாம் 2014 மார்ச் முதல் 'ஹெச் 1' அட்டவணையில் இருக்கின்றன, கடைக்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். தெரிந்த கடையில் சும்மா கிடைக்கிறதே என்று இருந்துவிட்டால், அந்தப் பையன் லீவு போட்ட நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

இதற்குள்ளேயே வலிப்பு, இல்லாதது தெரிவது, கடும் நடுக்கத்தோடு காய்ச்சல், சாக வேண்டும் என்ற பேச்சு, இதில் எது வந்தாலும் போதை மீட்பு மையத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். 108, அல்லது பக்கத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

2. எல்லா அட்டையையும் மேசையில் கொட்டிக் கணக்கு எடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு உட்கார்ந்து வீட்டில் இருந்த மாத்திரை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் கொட்டினோம். கைப்பையில் ஒன்று, பீரோவில் புடவை மடிப்புக்குள் மூன்று, பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பின்னால் ஓரம் கிழிந்த பாதி அட்டை. நான்கு வேறு வேறு மெடிக்கல் ஷாப் பில். அவள் அழுதாள். 'தம்பி, ஒளிச்சு வைக்கணும்னு வைக்கலடா, இல்லாமப் போயிடுமோன்னு பயம்' என்றாள். திட்டாமல் எழுத மட்டும் செய்யுங்கள், அப்போதுதான் உண்மையான எண் வெளியே வரும்.

ஒரே தாளில் எழுத வேண்டியவை: மருந்தின் பெயர் (கம்பெனிப் பெயர் அல்ல, கீழே சின்ன எழுத்தில் இருக்குமே, அது), எத்தனை மில்லிகிராம், எந்தெந்த நேரம், எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது கூட்டினார். கூடவே மது, டிராமடால் போன்ற வலி மாத்திரை, சர்க்கரை, ஆஸ்துமா, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்பதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கூட்டு மாத்திரைகளுக்குள் இதே மருந்து ஒளிந்திருக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிடலோபிராமோடு குளோனசெபாம் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது. படபடப்புக்கு என்று புரோப்ரனலாலோடு அல்ப்ராசோலம். வயிற்றுப் பொருமலுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளில் குளோர்டயஸெபாக்சைடு. அக்கா 'கேஸ் மாத்திரை' என்று தினம் இரண்டு போட்டுக்கொண்டிருந்தது இந்தக் கடைசி வகை. முதல் இடத்தில் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

3. உள்ளே தங்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடியே, வெளிநோயாளியாக, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிடலாம். அதுதான் பாதுகாப்பும்கூட, செலவும் குறைவு. உள்ளே சேர்க்க வேண்டியது யாரை என்றால்: டோஸ் அதிகம் உள்ளவர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள், கூடவே குடியோ வேறு போதையோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பல நோய்கள் உள்ள முதியவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், வீட்டில் குறைக்க முயன்று திரும்பத் திரும்பத் தோற்றவர்கள். அக்கா இந்தக் கடைசி ரகம், நான்கு தடவை முயன்றிருக்கிறாள், எங்களுக்குத் தெரியாமல்.

இதை ஒரு மனநல மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். மையத்து வரவேற்பில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் 'சேர்த்துடுங்க சார்' என்றுதான் வரும்.

4. '30 நாளில் முழு விடுதலை' என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இதுதான் எங்களை ஏமாற்றியது. நம் ஊர் மையங்களில் பெரும்பாலானவை குடிக்காக அமைந்தவை. குடியை முதல் நாளே நிறுத்திவிட்டு, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் தற்காப்பாகச் சில நாள் மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து என்ன தெரியுமா? குளோர்டயஸெபாக்சைடு, லோராசெபாம், டயஸிபாம். அக்கா எதை விட வேண்டும் என்று வந்தாளோ அதன் அண்ணன் தம்பிகள்தான். ஆக, குடிக்கு வைத்திருக்கும் அட்டவணையைத் தூக்கி இதற்கு மாட்டினால் நடக்காது.

அமெரிக்காவின் அடிமைநோய் மருத்துவச் சங்கம் மற்ற சங்கங்களோடு சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம், பொதுவாக இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. உள்நோயாளியாக இருந்தால் கண்காணிப்பு இருப்பதால் சற்று வேகம் கூட்டலாம், சரி. ஆனாலும் இரண்டு வாரத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால் 30 நாளில் எத்தனை படி இறங்க முடியும்? இரண்டு. அப்படியானால் 'முழு விடுதலை' எங்கிருந்து வருகிறது? ஒன்று, திடீரென்று நிறுத்துகிறார்கள். இல்லை, வேறு தூக்க மருந்தைக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். எங்கள் முதல் இடத்தில் இரண்டும் நடந்தது.

'ஐந்தே நாளில்' என்று சொல்லும் இடங்கள் இன்னும் மோசம். அல்ப்ராசோலம் உடம்பில் குறைந்த நேரமே நிற்கும், நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே தொந்தரவு தெரியும். டயஸிபாம் மாதிரி நீண்ட நேரம் நிற்பதை நிறுத்தினால் ஒரு வாரம் கழித்துக்கூட ஆரம்பிக்கும். ஐந்தாம் நாள் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எட்டாம் நாள் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே தங்குவது என்பது பயணத்தின் முதல் ஸ்டாப்தான். டோஸை நிலைப்படுத்துவது, தேவைப்பட்டால் நீண்ட நேரம் நிற்கும் மருந்துக்கு மாற்றுவது, முதல் ஒன்றிரண்டு படி இறக்கிப் பார்ப்பது, மீதியை வெளியில் தொடரத் திட்டம் போடுவது. இப்படிப் பேசுகிற இடம் கிடைத்தால் அங்கே போங்கள். அக்காவுக்கு எதிலிருந்து எதற்கு எவ்வளவு மாற்றினார்கள் என்று இங்கே எழுத மாட்டேன், எழுதினால் யாராவது அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

5. எங்கே தேடுவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம், புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸின் அடிமைநோய் மருத்துவப் பிரிவு, அடையாறில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை, இவை எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். அப்புறம் தனியார் மனநல மருத்துவமனைகள். கடைசியில், தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் மறுவாழ்வு இல்லங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446, இரண்டும் இலவசம். 14416இல் தமிழிலேயே பேசலாம். நான் இரவு ஒன்பது மணிக்குப் பேசினேன், அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படாமல் கேட்டார்.

எந்த இடமானாலும் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவில்லாமல் இப்படி ஓர் இடத்தை நடத்தக் கூடாது. சொசைட்டி, டிரஸ்ட் பதிவையோ யோகா சர்டிபிகேட்டையோ சுவரில் மாட்டிவைத்துக் காட்டுவார்கள், அது இது இல்லை. தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

6. போனில் கேட்க வேண்டியவை

'ராத்திரி பதினோரு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்?' இதை முதலில் கேளுங்கள். எங்களுக்கு அந்தப் போன் 11.40க்கு வந்தது. 'சார், உங்க அக்காவுக்கு ஃபிட்ஸ் வந்திருச்சு, வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போயிருங்க' என்றார் ஒருவர். டாக்டர் எங்கே என்றால், வாரத்துக்கு இரண்டு நாள் வருவாராம். நர்ஸ்? பகலில் மட்டுமாம். பேசியவர் அங்கேயே சிகிச்சை பெற்று வேலைக்குச் சேர்ந்த வார்டு பையன்.

அடுத்து, மாத்திரையை நிறுத்துவீர்களா குறைப்பீர்களா? குறைப்பதென்றால் எவ்வளவு நாளில், அதை யார் எழுதுவார்? இந்த மாத்திரைக்காக இதுவரை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? பெண்களுக்குத் தனி வார்டும் பெண் ஊழியரும் இரவிலும் உண்டா? (பல இடங்களில் இல்லை, நாங்கள் கேட்ட பதினொன்றில் மூன்றில்தான் இருந்தது.) ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. அங்கேயே எடுப்பார்களா? டிஸ்சார்ஜுக்குப் பிறகு அதே டாக்டரை ஓ.பி.யில் பார்க்கலாமா?

'அதெல்லாம் வந்து பேசிக்கலாம் சார், முதல்ல கூட்டிட்டு வாங்க' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். 'நாங்களே வேன் அனுப்பி வீட்டில் இருந்து தூக்கிக்கிறோம்' என்றால் அந்த நம்பரையே அழித்துவிடுங்கள்.

7. நேரில் ஒருமுறை போய் வாருங்கள், முன்பணம் இல்லாமல்

சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். கழிப்பறையைப் பாருங்கள், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மருந்து அலமாரி பூட்டியிருக்கிறதா, ஒவ்வொருவர் பெயரிலும் மருந்து அட்டவணை இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லாருமே மந்தமாகத் தூங்கி வழிந்தால் யோசியுங்கள்.

'முதல் 15 நாள் யாரையும் பார்க்க விட மாட்டோம், போனும் கிடையாது' என்பது பல இடங்களில் விதி. சட்டப்படி உள்ளே இருப்பவருக்குக் குடும்பத்தோடு பேசவும் பார்வையாளரைப் பார்க்கவும் உரிமை உண்டு. சங்கிலி போடக் கூடாது, மொட்டையடிக்கக் கூடாது, கட்டாய வேலை வாங்கக் கூடாது. இதையெல்லாம் எழுதிக் கேட்க வேண்டிய நிலை இருக்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

8. காகிதங்கள்

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் (நோயாளி, கூட வருபவர் இருவருக்கும்), பழைய மருந்துச் சீட்டுகள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் எழுதிய கணக்குத் தாள் இரண்டு நகல், எல்லா அட்டையும் அப்படியே ஒரு பையில், காப்பீட்டு அட்டை, வேலையில் இருப்பவர் என்றால் மருத்துவ விடுப்புப் படிவம். அக்காவின் விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயரை எப்படிக் குறிப்பிடுவார்கள் என்று முன்பே டாக்டரிடம் பேசிவிட்டோம். ஸ்டாஃப் ரூம் பேச்சு அவளுக்கு வலிப்பைவிடப் பெரிய பயம்.

கையெழுத்துப் போடும்முன் அதே 2017 சட்டத்தின் எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். தானே விரும்பிச் சேர்பவருக்குப் பிரிவு 86. அவர் கேட்டால் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும், அவசியம் என்று மனநல நிபுணர் கருதினால் மட்டும் 24 மணி நேரம்வரை மதிப்பீட்டுக்காக நிறுத்திவைக்கலாம். முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரை அவருக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தில் சேர்ப்பது பிரிவு 89. அதற்கு ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், 30 நாள்தான் உச்சவரம்பு, மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 'மூணு மாசம் காண்ட்ராக்ட், நடுவுல கூட்டிட்டுப் போக முடியாது' என்று ஒரு முத்திரைத் தாளை நீட்டினால் இந்தப் பிரிவுகளைச் சொல்லுங்கள். முகம் மாறும்.

9. பணம்

முதல் இடத்தில் 30 நாள் பேக்கேஜ் 35,000 ரூபாய், முழுவதும் முன்பணம், திரும்பாது. மூன்று நாளில் வெளியே வந்தோம், ஒரு ரூபாய் திரும்பவில்லை. 'மருத்துவக் காரணத்தால் மாற்ற நேர்ந்தால் மீதி நாளுக்குப் பணம் திரும்பத் தரப்படும்' என்று எழுதி வாங்காமல் கட்டாதீர்கள். ரொக்கமாகவும் வேண்டாம்.

இரண்டாவது இடம் ஒரு தனியார் மனநல மருத்துவமனை. போனில் 'நாற்பதாயிரத்துக்குள் ஆகும்' என்றார்கள். 21 நாள் அறை வாடகை, நாளுக்கு 1,800 வீதம், 37,800. அவர்கள் சொன்னது அதை மட்டும்தான். டாக்டர் பார்த்ததற்கு நாளுக்கு 600, பரிசோதனைகள் 4,200, மருந்து 2,700, ஐந்து தடவை கவுன்சலிங் 3,500. மொத்தம் 60,800. கூடத் தங்கின அம்மாவின் சாப்பாடு தனி. ஆகவே எஸ்டிமேட் கேட்கும்போது 'அறை தவிர வேறு என்னென்ன?' என்று வரி வரியாகக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இந்தச் செலவெல்லாம் அநேகமாக இல்லை, ஆனால் வரிசையும் காத்திருப்பும் உண்டு, ஒருவர் கூடவே தங்க வேண்டியிருக்கும்.

காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பாலிசியின் விலக்குப் பட்டியலில் 'எக்ஸ்க்ல் 12' என்று ஒரு வரி இருக்கும், குடி, போதைப்பொருள், எந்த அடிமைப்பழக்கத்தின் சிகிச்சைக்கும் பணம் இல்லை என்று. டிஸ்சார்ஜ் சம்மரியில் எஃப் 13 என்ற, தூக்க மாத்திரைப் பழக்கத்துக்கான நோய்க் குறியீடு விழுந்தால் அந்த வரியைக் காட்டுவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையால் வந்தது என்று நாங்கள் வாதாடினோம், முதல் கட்டத்தில் எடுபடவில்லை. சேரும் முன்பே கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மறுத்தால் அவர்களிடமே புகார் கொடுத்து, 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. இதற்காக நோயின் பெயரை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், பின்னால் வேறு டாக்டர் படிக்கும்போது அது ஆபத்து.

10. எப்போது சேர்ப்பது

பொங்கல், தீபாவளி வாரம் வேண்டாம், மூத்த டாக்டர்கள் லீவில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். திங்கள் அல்லது செவ்வாய் காலை சேருங்கள், முதல் மூன்று நாள் முழு ஆட்கள் இருப்பார்கள். அன்றைக்குக் காலை மாத்திரையைச் சாப்பிட்டு வரலாமா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். சாப்பிட வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

உள்ளே இருக்கும்போது தினமும் ஒரு கேள்வி போதும்: 'இன்னிக்கு என்னென்ன மாத்திரை, எவ்வளவு?' நோட்டில் எழுதுங்கள். அம்மா எழுதினாள், பேர் தெரியாததை நிறத்தை வைத்து. 'மஞ்சள் அரை, வெள்ளை ஒன்று.' ஒன்பதாம் நாள் ஒரு வெள்ளை கூடியிருந்ததை அந்த நோட்டு வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஷிப்ட் மாறியதில் நேர்ந்த தவறு, நர்ஸே ஒப்புக்கொண்டார்.

11. டிஸ்சார்ஜ்

டிஸ்சார்ஜ் சம்மரியில் குறைக்கும் அட்டவணை தேதியோடு இருக்க வேண்டும். 'படிப்படியாகக் குறைக்கவும்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், உட்கார்ந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அரை மாத்திரையாக உடைக்க வேண்டி வந்தால் உடைக்கலாமா என்று கேளுங்கள், எஸ்.ஆர். என்று போட்டிருக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைகளை உடைக்கக் கூடாது. எழுதிக் கொடுத்த மில்லிகிராம் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள், 2 மில்லிகிராம் டயஸிபாமுக்கு நாங்கள் ஏழு கடை ஏறினோம்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டைகளை நோயாளி திரும்புவதற்கு முன்பே கணக்கெடுத்து மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். சீட்டு ஒரே டாக்டரிடம், வாங்குவது ஒரே கடையில். ஏழு நாள் மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்கள், நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கும், ஞாயிறன்று யார் நிரப்புவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். இறங்கும்போது ஒரு படியில் தூக்கம் கெட்டால் அதே படியில் நிற்கலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. அக்கா மூன்றாம் படியில் ஏழு வாரம் நின்றாள்.

முதல் ரிவ்யூ தேதியைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். எங்களுக்குக் கொடுத்த தேதி அரசு விடுமுறையில் விழுந்தது, ஓ.பி. இல்லை, டப்பாவில் இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. அன்றிலிருந்து சீட்டில் ரிவ்யூ தேதிக்கு மேல் ஐந்து நாள் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறோம், டாக்டரும் தருகிறார்.